பென்சில் பிடிக்கத் தடுமாறும் பிள்ளைக்குத் தோள்பட்டைப் பயிற்சி ஏன்? ஆக்குபேஷனல் தெரபி வீட்டில் எங்கே தொடங்குகிறது?

"உங்க பையனோட ஃபைன் மோட்டார் ஸ்கில்ஸ் கொஞ்சம் வீக். ஒரு ஓ.டி. அசெஸ்மென்ட் பண்ணிடுங்க."

பெங்களூரு, புனே, குருகிராம் என்று எந்த ஊர் பிளே ஸ்கூலாக இருந்தாலும், பெற்றோர் சந்திப்பில் இப்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. கேட்டுவிட்டு வெளியே வருபவர்களில் ஒரு சாரார், பார்க்கிங்கில் இருந்து வண்டியை எடுப்பதற்குள் ஆன்லைனில் ஒரு 'சென்சரி கிட்' ஆர்டர் போட்டுவிடுவார்கள். இன்னொரு சாரார் ஊருக்கு போன் போடுவார்கள். "அவங்க அப்பாவும் அப்படித்தான் இருந்தான், எல்லாம் தானா சரியாயிடும்" என்று பதில் வரும். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

முதல் வழியில் போவது பணம். இரண்டாவது வழியில் போவது காலம். சில பிள்ளைகளுக்கு அது ரொம்ப முக்கியமான காலம்.

அப்படியானால் ஓ.டி. என்பது உண்மையில் என்ன? வீட்டில் நாம் செய்யக்கூடியது எது, தெரபிஸ்ட்டிடம் போக வேண்டியது எப்போது?

பெயரில் இருக்கும் குழப்பம்

ஆக்குபேஷனல் தெரபி என்பதைச் சிலர் 'தொழில்சார் சிகிச்சை' என்று தமிழாக்குகிறார்கள். கேட்டால் ஃபேக்டரியில் அடிபட்டவர்களுக்கான வைத்தியம் போலத் தோன்றும். இங்கே 'ஆக்குபேஷன்' என்பது ஒருவர் தன் நாளில் செய்யும் அத்தனை வேலைகளையும் குறிக்கிறது. பக்கவாதம் வந்த தாத்தாவுக்கு மறுபடியும் காபி டம்ளரைப் பிடிக்கப் பயிற்சி தருவதும் இந்தத் துறைதான். சரி, மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? சாப்பிடுவது, சட்டை போடுவது, பல் தேய்ப்பது, விளையாடுவது, தூங்குவது. இந்த வேலைகளில் எங்கே தடை இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று பார்த்து, அதைத் தாண்ட உதவுவதுதான் சிகிச்சை.

இந்தியாவுக்கு இது நேற்று வந்த ஃபேஷன் இல்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-லேயே இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டது. ஆசியாவின் முதல் பள்ளி அது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர், அமெரிக்காவில் பிறந்து மருமகளாக இந்தியாவுக்கு வந்தவர். 1952-ல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் சங்கம் உருவானது. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தத் துறையையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதாவது, முறையான பட்டப்படிப்பு உள்ள துறை. ஒரு மாத ஆன்லைன் கோர்ஸ் முடித்துவிட்டு 'தெரபி சென்டர்' போர்டு மாட்டுகிறவர்கள் வேறு.

விரல் வேலை தோளில் தொடங்குகிறது

ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டுப் பாருங்க. உங்கள் விரல்களில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். காரணம், நிற்கிற இடம் ஆடுகிறது.

முதுகும் தோளும் இன்னும் உறுதிப்படாத பிள்ளைக்கு மேஜையில் உட்கார்ந்து எழுதுவது கிட்டத்தட்ட அந்த பஸ் பயணம் மாதிரிதான். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் மேஜை மேல் சாய்ந்துவிடும், தலையைக் கையில் தாங்கும், நாற்காலியில் இருந்து வழுக்கும். நாம் அதைச் சோம்பல் என்போம். அதனால்தான், "எழுத்துச் சரியில்லை" என்று அழைத்துப் போன பிள்ளையை தெரபிஸ்ட் தரையில் தவழ விடுகிறார், சுவரைத் தள்ளச் சொல்கிறார். "இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்று வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் பொதுவாக உடலின் நடுப்பகுதி உறுதியாகி, பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வந்து கடைசியில்தான் விரல்நுனிக்கு நுணுக்கம் வருகிறது. அந்த வரிசையைத் தெரிந்துதான் அவர் தொடங்குகிறார்.

இதற்கு வீட்டில் என்ன செய்யலாம்? கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் பந்தை எடுத்து வரச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளை மேஜையில் வைக்காமல் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டே வரையச் சொல்லுங்கள். செங்குத்தான பரப்பில் வரையும்போது தோள் தானாக வேலை செய்யும், மணிக்கட்டும் எழுதுவதற்கு ஏற்ற கோணத்தில் பின்னால் வளையும். பால்கனித் தொட்டிச் செடிகளுக்கு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடிப்பது, காய்ந்த துணியில் இருந்து கிளிப்பை எடுத்து டப்பாவில் போடுவது, சப்பாத்தி மாவைப் பிசைவது, பச்சைப் பட்டாணி உரிப்பது எல்லாமே விரல்களுக்கான பயிற்சிதான். கிரேயானை முழுசாகக் கொடுக்காமல் ஒடித்து, ஒரு அங்குலத் துண்டாகக் கொடுத்துப் பாருங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல்நுனிக்கு வந்தே ஆக வேண்டும். காசு செலவில்லாத சிகிச்சைக் கருவி அது.

பல்லாங்குழியையும் இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஐந்தாறு புளியங்கொட்டையை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல்நுனிக்கு நகர்த்தி, குழிக்கு ஒன்று போட வேண்டும். ஒரே கையின் ஒரு பாதி பிடித்திருக்க, மறு பாதி விடுவிக்கிறது. சட்டைப் பட்டன் போடவும், பின்னால் பென்சில் ஓட்டவும் தேவைப்படும் அதே திறன். தெரபிஸ்ட்கள் காசுகளையும் மணிகளையும் வைத்து இதே வேலையைப் பழக்குகிறார்கள். ஊருக்குப் போகும்போது பாட்டி வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஒன்று மட்டும்: மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கையில் கொட்டை, மணி, பருப்பு எதுவும் வேண்டாம். வாய்க்குத்தான் போகும். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கே பள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா 'வீக்' பிள்ளைகளும் வீக் இல்லை. மூன்றரை வயதில் நான்கு கோடு நோட்டில் எழுத்து எழுதவில்லை என்பது குறைபாடே கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வளர்ச்சிப் பட்டியலின்படி கிரேயானை முஷ்டியில் இல்லாமல் விரல்களில் பிடிப்பது 4 வயதில் எதிர்பார்க்கப்படுகிறது. தன் பெயரில் உள்ள சில எழுத்துகளை எழுதுவது 5 வயதில்தான். நம் தேசியக் கல்விக் கொள்கை 2020-ம் ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது என்கிறது, அதற்கு முன்பான ஆண்டுகளை விளையாட்டு வழிக் கல்விக்கு ஒதுக்குகிறது. நர்சரியிலேயே பக்கம் பக்கமாக எழுத வைக்கும் பள்ளி, தன் அவசரத்தைப் பிள்ளையின் குறையாக எழுதிக் கொடுக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பென்சில் பிடியிலும் 'மூணு விரல் பிடி மட்டும்தான் சரி' என்ற பிடிவாதம் தேவையில்லை. நான்கு விரல் பிடி உட்பட வேறு சில பிடிகளிலும் பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள். இடது கையை வலது கையாக மாற்றும் வேலையும் வேண்டாம்.

ஐந்து புலன்களுக்கு அப்பால்

பள்ளியில் நாம் படித்தது ஐந்து புலன்கள். தெரபிஸ்ட்கள் இன்னும் சிலவற்றைக் கணக்கில் எடுக்கிறார்கள். கரண்ட் போன இரவில் தட்டுத் தடுமாறாமல் டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிறீர்களே, எப்படி? கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இதற்குப் பெயர் புரோப்ரியோசெப்ஷன். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று சொல்கிறது. அது வெஸ்டிபுலர் உணர்வு. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உள்ளுணர்வுகள் தனி.

இந்தத் தகவல்களை மூளை ஒழுங்குபடுத்துவதில் சிக்கல் வந்தால், கற்றலும் நடத்தையும் பாதிக்கப்படும் என்று 1972-ல் ஒரு புத்தகமே எழுதினார் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இன்று 'சென்சரி இன்டகிரேஷன்' என்று நாம் கேட்கும் எல்லாமே அங்கிருந்து கிளம்பியதுதான்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை. நகம் வெட்டும் நாளெல்லாம் யுத்தம். டி-ஷர்ட் கழுத்தில் இருக்கும் லேபிளை வெட்டினால்தான் போடுவேன் என்கிற பிள்ளை. இதற்கு நேர் எதிராக, சோபாவில் இருந்து நாள் முழுக்கக் குதிக்கும், சுவரில் மோதும், யாரைப் பார்த்தாலும் இறுக்கிக் கட்டிக்கொள்ளும் பிள்ளை. முதல் வகைக்குக் கொஞ்சம் தூண்டலே அதிகமாகப் படுகிறது. இரண்டாவது வகைக்கு எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. ஒரே பிள்ளை சத்தத்தில் ஒரு வகையாகவும் அசைவில் இன்னொரு வகையாகவும் இருக்கலாம். 'அடம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம்.

தேடித் தேடிக் குதிக்கும் பிள்ளைக்கு, தசைக்கு வேலை தரும் செயல்களைத் தெரபிஸ்ட்கள் பரிந்துரைப்பார்கள். துணிக்கூடையைத் தள்ளிக்கொண்டு போவது, கடைக்குப் போய் வரும்போது அரைக் கிலோ ரவை பாக்கெட்டைத் தானே தூக்கி வருவது, தலையணைகளை அடுக்கி அதன்மேல் ஏறி இறங்குவது. மெதுவாக, ஒரே திசையில் ஆடும் ஊஞ்சல் பல பிள்ளைகளை அமைதிப்படுத்தும். வேகமான சுழற்சி கிளப்பிவிடும். தூளியில் ஆட்டித் தூங்க வைத்த நம் பாட்டிகளுக்கு இந்த வித்தியாசம் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது.

தொடுவதற்கு அஞ்சும் பிள்ளைக்கு மட்டும் வேகம் கூடவே கூடாது. மண்ணைத் தொட மறுத்தால் கையைப் பிடித்து மண்ணுக்குள் திணிப்பது தெரபி இல்லை. முதலில் காய்ந்த ரவையைக் கரண்டியால் அள்ளட்டும். அடுத்த வாரம் ஒரு விரல். மாவு, ஈரமாவு எல்லாம் அதற்கப்புறம். பிள்ளை எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துக்கொள்ளலாம், துடைக்கப் பக்கத்திலேயே துணி இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அடுத்த படிக்குக் கொண்டு போகும்.

இதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா?

நேர்மையாகச் சொன்னால், பாதி. உணர்வுச் சிக்கல் பிள்ளைகளிடம் நிஜமாகவே இருக்கிறது. ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் அதுவும் ஒன்றாக 2013-ல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் 'சென்சரி பிராசஸிங் டிஸார்டர்' என்று தனி நோயாக அந்தக் கையேடு ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2012-ல் இதைத் தனி நோயாகப் பெயரிட வேண்டாம் என்றது. இந்தத் தெரபியை ஒட்டுமொத்தச் சிகிச்சையின் ஒரு பகுதியாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஆய்வு ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்றும் அறிவுறுத்தியது. எடைப் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் நடந்து 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், அது தூக்க நேரத்தைக் கூட்டவில்லை. இன்றும் அதைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தும்கூட.

இன்னொரு பொருளையும் வீட்டுக்குள் விடாதீர்கள். தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் ஜெல் உருண்டைகள். சென்சரி பொம்மை என்று கலர் கலராக விற்கிறார்கள். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். உட்கார வைத்து உருட்டிவிடும் பேபி வாக்கரும் இதே ரகம். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, விபத்தைத்தான் கொண்டுவரும். கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. பிள்ளை தானே நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளும் மர நடைவண்டி வேறு கதை.

காலை எட்டு மணிப் பிரச்சினை

கிட் வாங்குவதைவிடக் கஷ்டமான ஒரு விஷயம் இருக்கிறது. நேரம் கொடுப்பது.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். எட்டு பத்துக்கு வேன். எட்டு மணிக்கு முதல் மீட்டிங். பல் தேய்த்துவிட ஒருவர், ஷூ மாட்டிவிட ஒருவர், போனில் வீடியோ ஓட, வாயில் இட்லி திணிக்க ஒருவர். அன்றைய நாளில் பிள்ளையின் விரலுக்குக் கிடைக்க வேண்டிய அத்தனை வேலையையும் எட்டு மணிக்குள் நாமே செய்து முடித்துவிடுகிறோம். சாயங்காலம் அதே விரல்களுக்குப் பயிற்சி தர சென்டருக்கு அழைத்துப் போகிறோம்!

இட்லியைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போவதில் எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். இரண்டு விரல் அழுத்தம், மணிக்கட்டுத் திருப்பம், கண்ணும் கையும் சேர்வது, போதாததற்குச் சூடும் பிசுபிசுப்பும். ரசம் சாதத்தைப் பிசைந்து உருட்டுவது அதைவிடப் பெரிய வித்தை. கையால் சாப்பிடுகிற நம் பழக்கத்தில் ஒரு முழு ஓ.டி. வகுப்பே இருக்கிறது. சட்டை அழுக்காகும், தரையும் ஆகும். அது பரவாயில்லை என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

காலையில் முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். ராத்திரிச் சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமை குளியலும் போதும். உடை விஷயத்தில் தெரபிஸ்ட்கள் கையாளும் ஒரு உத்தி நமக்கும் உதவும். கடைசிப் படியைப் பிள்ளைக்கு விடுவது. பேன்ட்டை முழங்கால் வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள், இடுப்புக்கு இழுப்பது பிள்ளையின் வேலை. அது பழகியதும் கணுக்காலில் இருந்து. பிறகு முழுசாக. முதல் படியில் இருந்து தொடங்கினால் பாதியில் தோற்று அழும். கடைசிப் படியில் இருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் 'நானே போட்டுட்டேன்' என்று முடியும். ஜிப், ஷூவின் வெல்க்ரோ, டிபன் பாக்ஸ் மூடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

பிள்ளைக்குப் பிள்ளை வேகம் மாறும் என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் டெல்லிக் குழந்தைகளையும் சேர்த்து ஐந்து நாடுகளில் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சில குழந்தைகள் 8 மாதத்திலேயே தனியாக நடந்தன, சில 17 மாதம் தாண்டித்தான் நடந்தன. நூற்றில் நான்கு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. எனவே 'தவழாமல் நடந்துவிட்டான்' என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம்.

ஆனால் அந்த வீச்சுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 9 மாதம் தாண்டியும் தானாக உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் 'இடதுகைக்காரன்' என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். மறுகையில் பலவீனம் இருக்கலாம். எப்போதும் நுனிக்காலில் நடப்பது, உடல் விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, நகம், முடி, சாப்பாடு என்று எல்லாவற்றிலும் உணர்வுச் சிக்கல் குடும்பத்தின் அன்றாடத்தையே முடக்குவது ஆகியவையும் காட்ட வேண்டியவைதான். எல்லாவற்றையும்விட அவசரமானது, ஏற்கெனவே வந்த திறனைப் பிள்ளை இழப்பது. பேசியது நின்றாலோ, நடந்தது தடுமாறினாலோ எந்த வயதானாலும் உடனே போங்கள்.

முதலில் குழந்தை மருத்துவர். தேவைப்பட்டால் அவர் வளர்ச்சிசார் சிறப்பு மருத்துவரிடமும் தெரபிஸ்ட்டிடமும் அனுப்புவார். தனியார் கட்டணம் கையைக் கடித்தால், மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் விசாரியுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை, இத்திட்டத்தில் சிகிச்சை இலவசம். மும்பை ஹாஜி அலியில் உள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம், சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகிய அரசு நிறுவனங்களிலும் இந்தச் சேவை உண்டு.

தெரபிஸ்ட்டிடம் என்ன படித்திருக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள். அடுத்து, "மூணு மாசத்துல என் பொண்ணு எதைத் தானா செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். 'சென்சரி மேம்படும்' என்பது பதில் இல்லை. 'தானே டி-ஷர்ட் போடுவாள்', 'முடி வெட்டும் கடையில் பத்து நிமிடம் உட்காருவாள்' என்பதுதான் பதில். அறைக்குள் உங்களை விடாத இடத்திலும், 'முழுசா குணமாக்கிடுறோம்' என்று கேரண்டி தரும் இடத்திலும் முன்பணம் கட்டாதீர்கள்.

முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன் ஒரு வேலை. கிளினிக்கில் கால் வைத்ததும் பிள்ளை வேறு பிள்ளையாகிவிடும். ஒன்று ஒடுங்கி உட்காரும், இல்லையென்றால் ஓடும். அதனால் சாப்பிடும்போது, படி ஏறும்போது, சட்டை போடும்போது என்று வீட்டிலேயே இரண்டு நிமிட வீடியோ நாலைந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது குறுக்கே புகுந்து "ஒழுங்கா பண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள். தெரபிஸ்ட் பார்க்க வேண்டியது அந்தத் தடுமாற்றத்தைத்தான்.